ஞாயிறு காலை ஃபேமிலி பேட்ச்

மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒரு அரை மணி நேரம் நீங்க எனக்குத் தங்கச்சியா இருக்கணும்.

ஐயையோ, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்லை. அதோ வேப்ப மரத்தடியில நிக்குது பாருங்க, மேல சிவப்புல ‘எல்’ போட்ட வெள்ளைக் காரு, அது என்னுது. குமரகுரு மாஸ்டர்னு இந்த ஏரியாவுல யாரை வேணா கேளுங்க. டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிச்சுப் பதினாலு வருஷம் ஆச்சு. லேடீஸ் மட்டுமே எரநூறு பேர் என்கிட்ட கத்துக்கிட்டிருக்காங்க. ஒருத்தர் ஒரு கம்ப்ளெயின்ட் சொன்னது கிடையாது. அழுதிருக்காங்க, அது வேற விஷயம். அழுதவங்கதான் முதல் டெஸ்ட்லயே பாஸ் ஆவாங்க.

பாப்பாவைத்தான் பார்த்தீங்களே. ஜூஸ் கடை பக்கம் மஞ்சப் பையை மாட்டிக்கிட்டு நிக்குதே, ரெட்டைச் சடை, அதுதான். மிருதுளா. ஒம்பது வயசு. நான் காரை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள உங்க பக்கத்துல வந்து உக்காந்து என்னமோ பேசிக்கிட்டிருந்துச்சு. உங்க பசங்க ரெண்டு பேரும் உள்ள சின்னக் குளத்துல நீச்சல் கோச்சிங்ல இருக்காங்க, எட்டரைக்குத்தான் வருவாங்கன்னு அதுதான் சொல்லுச்சு. அதைக் கேட்டதும்தான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு. கடவுளாப் பார்த்து உங்களை அனுப்பின மாதிரி இருந்துச்சு மேடம்.

நீங்க தண்ணியில எல்லாம் இறங்க வேண்டாம். கவுன்ட்டர் வரைக்கும் வாங்க. ‘நான் பாப்பாவோட அத்தை’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் உள்ள போய் அந்த சிமென்ட் படியில உக்காருங்க. இங்க உக்காந்திருக்கிறதை அங்க போய் உக்காரப் போறீங்க, அவ்வளவுதான்.

அந்த போர்டைப் படிச்சீங்களா? ‘ஞாயிறு காலை எட்டு முதல் பத்து வரை குடும்பத்தினர் மட்டும். பெண்கள் துணையின்றி வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லை.’ நாலு வாரமா இதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. கீழ வார்னிஷ் உரிஞ்சிருக்கிற இடம்கூடத் தெரியும்.

முதல் நாள் கேட்டேன். கவுன்ட்டர்ல கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, எஸ்தரம்மா, அவங்ககிட்டதான். ‘ஏம்மா, அப்பனும் பொண்ணும் ஃபேமிலி இல்லையா?’ன்னேன். ‘லேடீஸ் யாராவது கூட வந்தாதான் சார் ஃபேமிலி’ன்னாங்க. ‘இது லேடீஸ்தானேம்மா’ன்னு பாப்பாவைக் காட்டினேன். ‘பதினெட்டு ஆகணும் சார்’னாங்க. ‘சரி, இன்னும் ஒம்பது வருஷம் இந்த பெஞ்சுலயே உக்காந்திருக்கேன்’னேன். பின்னாடி க்யூவுல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எஸ்தரம்மா சிரிக்கலை.

ரூல் நல்ல ரூல்தான். எவனோ ஒருத்தன் ஃபேமிலி பேட்ச்ல தனியா வந்து செல்போனை வச்சுக்கிட்டு நின்னிருக்கான். அதுக்கப்புறம் போட்டதாம். நான் இந்தக் குளத்துக்கு அதிகாரியா இருந்தா நானும் இதையேதான் போட்டிருப்பேன். ரூல்னா ரூல்தான். ஆனா எனக்கு எதுக்கு மேடம்?

லேடி கோச் இருக்காங்க, சனிக்கிழமை பொண்ணுங்க பேட்ச்ல விட்டுடுங்க, நீங்க வெளியில இருங்கன்னு எஸ்தரம்மா சொல்லிப் பார்த்தாங்க. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் பொண்ணு. ஏழரையில இருந்து பதினொன்னு வரைக்கும். மூன்றரை மணி நேரம். கோர்ட்ல அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சொல்லுவாங்கல்ல, அந்தக் கதைதான். ஜட்ஜம்மா கொடுத்தாங்க, எஸ்தரம்மா கொடுக்க மாட்டேங்கறாங்க. அதுவும் இல்லாம, யாரோ ஒரு கோச் எதுக்குக் கத்துக் கொடுக்கணும்? நான்தான் கத்துக் கொடுக்கணும். அதுதான் இதுல விஷயமே.

என்ன விஷயம்னு கேக்கறீங்களா? சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி, கடற்கரை ரோட்டுல ஒரு ரிசார்ட். சிநேகிதன் மகனுக்குப் பர்த்டே. எல்லாப் பிள்ளைங்களும் தண்ணியில கிடக்குது, இது மட்டும் ஓரமா உக்காந்து காலை நனைச்சுக்கிட்டிருக்கு. எத்தனை நாள் மேடம் காலையே நனைச்சுக்கிட்டிருக்கிறது? எங்க அப்பா என்னைத் தூக்கிப் போட்டுத்தான் கத்துக் கொடுத்தாரு. எனக்கு என்ன ஆயிடுச்சு? நல்லாத்தானே இருக்கேன். நானும் தூக்கிப் போட்டேன். பக்கத்துலயேதான் நின்னேன், ஓடிப் போயிடலை. பத்து எண்ணிட்டு எடுக்கலாம்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருக்கேன். ஆறு எண்ணும்போது எங்க வீட்டுல குதிச்சுட்டா. பிரமிளா. பட்டுப் புடவையோட. அவளுக்கு நீச்சலே தெரியாது! கடைசியில நான் ரெண்டு பேரையும் இழுத்துப் போட வேண்டியதாப் போச்சு. அவ மட்டும் சும்மா இருந்திருந்தா பாப்பா அன்னைக்கே நீந்தியிருக்கும். இன்னும் நாலுதான் பாக்கி.

அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சுதான் அவ கிளம்பி அவங்க அம்மா வீட்டுக்குப் போனா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. போகும்போது அவ சொன்னது வேற. டிரைவிங் ஸ்கூல் கார்ல எங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீங்க. ‘வீட்டுலயும் உங்க கால் அதுலயேதான் இருக்கு’ன்னா. இதெல்லாம் ஒரு காரணமா? அந்த பிரேக் இல்லைன்னா எத்தனை பேர் செத்திருப்பாங்க தெரியுமா?

வர்ற புதன்கிழமை ஜட்ஜம்மா பாப்பாவைத் தனியா ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசப் போறாங்க. ‘அப்பாகூடப் போகப் பிடிச்சிருக்கா?’ன்னு கேப்பாங்க. அது என்ன சொல்லுதோ அதுதான். பிடிச்சிருக்குன்னா ஞாயித்துக்கிழமை முழுசும் கிடைக்கும், மே மாசம் பத்து நாள் என்கூட இருக்கும். இல்லைன்னா திரும்ப அந்தப் பழைய ரூம். கோர்ட்டுக்குள்ளயே ஒரு ரூம் இருக்கு மேடம், செவுத்துல ஒட்டகச்சிவிங்கி வரைஞ்சு வச்சிருப்பாங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை, ஒரு மணி நேரம், ஒரு அம்மா மூலையில உக்காந்து நம்மளையே பார்த்துக்கிட்டிருப்பாங்க. அங்க உக்காந்து பிள்ளைகிட்ட என்ன பேசறது? ‘சாப்டியா’ம்பேன். ‘சாப்டேன்’னு சொல்லும். மிச்சம் அம்பத்தெட்டு நிமிஷம் ரெண்டு பேரும் அந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கிட்டிருப்போம். ஏழு மாசம் அப்படி இருந்தேன். திரும்ப அந்த ரூமுக்குப் போன்னு சொன்னா என்னால முடியாது. செத்துடுவேன் மேடம். சும்மா பேச்சுக்குச் சொல்லலை.

கவுன்சிலர் மேடம் ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. அதுல ஒரு கட்டம். ‘குழந்தையும் நீங்களும் விரும்பிச் சேர்ந்து செய்வது என்ன?’ நான் அரை மணி நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் நீச்சல்னு எழுதினேன். ஞாயிறுதோறும்னு எழுதினேன். அது பொய் இல்லை. எழுதின அடுத்த ஞாயிறே கூட்டிக்கிட்டு வந்துட்டேனே! இவங்க உள்ள விடலைன்னா நான் என்ன பண்ணட்டும்? இப்போ பிரமிளாவோட வக்கீல் போட்டோ இருக்கான்னு கேக்கறாரு. தண்ணியைக் கண்டாலே நடுங்கற பிள்ளையை இவன் எப்படி ஞாயிறுதோறும் கூட்டிட்டுப் போறான்னு எழுதியே கொடுத்திருக்காரு. ‘நடுங்கற பிள்ளை’! அவர் பார்த்தாரா?

எனக்கு ஒரே ஒரு போட்டோ போதும். ஈரத் தலையோட, சிரிச்ச முகமா. குளத்துப் பக்கம் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு போர்டு இருக்கு, அதனால ஷவர் பக்கத்துல நிக்க வச்சு எடுத்துக்குவேன். பின்னாடி நீல டைல்ஸ் தெரிஞ்சா போதும்.

எங்க வீட்டு லேடீஸ் யாரும் இல்லையான்னுதானே கேக்கறீங்க? ஏன் இல்லை, இருக்காங்க. ஜெயகௌரின்னு கூடப் பிறந்த தங்கச்சியே இருக்கா, ராயபுரத்துல. ரெண்டாவது வாரம் அவளைத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். பாதி வழியில சிக்னல்ல கதவைத் திறந்து இறங்கி, ஆட்டோ பிடிச்சுப் போயிட்டா. நான் அவளை ஒரு வார்த்தை சொல்லலை. பாப்பாகிட்டதான் சொன்னேன், ‘இன்னைக்கு அழுதாலும் நடுவுல நிறுத்த மாட்டேன், தெரியும்ல’ன்னு. அதுக்கு இவளுக்கு எதுக்குக் கோவம்? மூணு வாரமா போனையே எடுக்க மாட்டேங்கறா. சித்தி ஒருத்தங்க இருக்காங்க, அவங்க மக இருக்கா. அவங்களும் பேசறதில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்துல என்ன ஆச்சுன்னே புரியலை.

மூணாவது வாரம் என்கிட்ட வண்டி கத்துக்கிற மேடம் ஒருத்தர், வசுமதின்னு, பாங்க்ல வேலை, பாவம்னு வந்தாங்க. கவுன்ட்டர்ல எல்லாம் சரியாத்தான் சொன்னாங்க. இந்த எஸ்தரம்மா சும்மா இருக்காம, கண்ணாடியை இறக்கிக்கிட்டு, ‘பாப்பா, இவங்க உங்க அத்தையா?’ன்னு கேட்டுட்டாங்க. பாப்பா என்னைப் பார்த்துச்சு. நான் கண்ணைக் காட்டினேன். ‘இல்லை ஆன்ட்டி, இவங்க அப்பாகிட்ட கார் ஓட்டிப் பழகறவங்க’ன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா பெருமையாவும் இருந்துச்சு மேடம். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதனாலதான் இந்தத் தடவை உங்ககிட்ட முன்னாடியே பேசிடறேன். பாப்பாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

போன வாரம் பாருங்க, நான் கார்ல இருந்து பையை எடுக்கறதுக்குள்ள அதுவா ஓடிப் போய் எஸ்தரம்மாகிட்ட என்னமோ கெஞ்சிக்கிட்டிருந்துச்சு. எக்கி நின்னு, கவுன்ட்டர் ஓட்டையில வாயை வச்சு. அவ்வளவு ஆசை! அதுக்கும் அவங்க மனசு இளகலை. என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, ‘இன்னைக்கு இல்லை சார்’னு ஜன்னலைச் சாத்திட்டாங்க.

உள்ள விடலைன்னா என்ன பண்ணுவோமா? என்ன பண்றது, நாள் வீணாத்தான் போகும். இந்த பெஞ்சுல உக்காந்து வேர்க்கடலை வாங்கித் தின்போம். அப்புறம் காரை அந்தக் காலி கிரவுண்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போவேன். பாப்பா என் சீட்டுல உக்காந்துக்கும், மாஸ்டர் சீட்டுல. நான் ஸ்டீயரிங்ல. ‘க்ளட்ச்சை மெதுவா விடுப்பா, உனக்கு எத்தனை தடவை சொல்றது’ன்னு என்னைத் திட்டும். என்னை மாதிரியே பேசிக் காட்டும். அது காலுக்கு பிரேக் எட்டாது, சீட்டு நுனிக்கு வந்து கஷ்டப்பட்டு மிதிக்கும். நான் வேணும்னே தலையை முன்னாடி கொண்டு போய் இடிச்சுக்குவேன். விழுந்து விழுந்து சிரிக்கும். பதினொன்னு அடிச்சதும் கொண்டு போய் விட்டுடுவேன். நாலு ஞாயிறு இப்படியே வெட்டியாப் போச்சு.

போன வாரம் என்ன பண்ணேன் தெரியுமா, வெளியில சொன்னா வெக்கக்கேடு. தண்ணி பாட்டிலை எடுத்து அது தலையில ஊத்தினேன், போட்டோவுக்கு. இந்த இடத்துலதான். அதுக்குச் சிரிப்பு தாங்கலை. ‘இன்னொரு பாட்டில் ஊத்துப்பா’ங்குது. நல்லா, பல்லு எல்லாம் தெரிய, கண்ணு மூடிக்கிட்டு ஒரு சிரிப்பு. எடுத்துப் பார்த்தா பின்னாடி ‘சாத்துக்குடி, மாதுளை’ன்னு ஜூஸ் கடை போர்டு முழுசாத் தெரியுது. வக்கீல் விடுவாரா? டெலீட் பண்ணிட்டேன்.

இன்னைக்கு விட்டா நாள் இல்லை மேடம். வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு, இனிமே சாண் என்ன, முழம் என்ன. காலையில வந்ததுமே எஸ்தரம்மாகிட்ட புதன்கிழமை விஷயத்தைச் சொல்லி அழுதுட்டேன். ஆமா, அழுதேன். நாப்பத்தி ஒரு வயசு ஆம்பளை, க்யூவுல எல்லாரும் பார்க்க. ‘பார்க்கலாம் சார், போய் உக்காருங்க’ன்னாங்க. பார்க்கலாம்னா விட மாட்டாங்கன்னுதானே அர்த்தம்? அதனாலதான் உங்க கால்ல விழறேன். தங்கச்சியா நினைச்சுக் கேக்கறேன்.

என்ன மேடம், பாப்பா பத்தியா?

என்ன சொல்லுச்சு?

உங்ககிட்டயா? எப்போ, நான் காரை நிறுத்தும்போதா? பார்த்து அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காதே. முன்னப் பின்ன தெரியாத உங்ககிட்ட போய் ‘பயமா இருக்கு’ன்னு சொல்லுச்சா?

‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க’ன்னுமா சொல்லுச்சு?

இல்லை மேடம். இருக்காது. என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே. ஒவ்வொரு வாரமும் கார்ல வரும்போது நான் கேக்கறேனே. ‘பயமெல்லாம் ஒன்னும் இல்லைல்ல?’ன்னு கேப்பேன். ‘இல்லைப்பா’ன்னுதான் சொல்லும். ‘நீ என் பொண்ணுதானே?’ம்பேன். ‘ஆமாப்பா’ங்கும். இன்னைக்குக் காலையிலகூடக் கேட்டேன். வேணும்னா கூப்பிடறேன், இப்போ உங்க முன்னாடியே கேக்கறேன். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, பயமா இருக்குன்னு என்கிட்ட...

அப்போ எஸ்தரம்மாகிட்ட போன வாரம் என்ன சொல்லியிருக்கும்? எக்கி நின்னு சொல்லுச்சே.

இருங்க. எஸ்தரம்மா கூப்பிடறாங்க. கையைக் காட்டறாங்க பாருங்க. என்னம்மா? உள்ளயா? வரலாமா? பாருங்க மேடம், பக்கத்துல லேடி கோச்சும் நிக்கறாங்க. ‘இன்னைக்கு ஒரு நாள் வாங்க சார், கோச் கூட இருப்பாங்க, பெரிய சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்’ங்கறாங்க. கேட்டையே திறந்துட்டாங்க. அழுதது வேலை செஞ்சிருக்கு. அத்தையும் வேண்டாம், சித்தியும் வேண்டாம். உங்களுக்கும் இனிமே தொந்தரவு இல்லை. நாலு வாரம் நாயா அலைஞ்சதுக்கு...

பாப்பா! மிருது! இங்க வாடா!

நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே தொப்பியை மாட்டிக்கிச்சு பாருங்க. அந்த ரப்பர் தொப்பி எனக்கே மாட்ட வராது. தானாவே மாட்டிக்கிட்டு, சடையை உள்ள தள்ளிக்கிட்டு வருது. வா தங்கம். எஸ்தர் ஆன்ட்டி உள்ள விடறாங்களாம்டா. இன்னைக்குப் போகலாமாம்.

என்னடா? சத்தமாச் சொல்லு.

...

மேடம், உங்களுக்குக் கேட்டுச்சா? எனக்குச் சரியாக் கேக்கலை. இல்லை, கேட்டுச்சு. ‘போட்டோவுக்குத் தலை நனையறதுக்கு முன்னாடியே சிரிச்சுடவாப்பா? அப்புறம்னா வராது’ன்னுச்சு.

இப்பவே சிரிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. இது அது சிரிக்கிற சிரிப்பே இல்லை மேடம். கீழ் உதட்டைப் பாருங்க. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, போதுமான்னு கேக்கற மாதிரி இன்னும் கொஞ்சம் விரிக்குது.

போடா தங்கம், போய் அந்த ஜூஸ் கடை அண்ணன்கிட்ட மணி என்னன்னு கேட்டுட்டு வா. போ. அப்பா வர்றேன்.

மேடம். என்னால அதுகிட்ட ‘வேண்டாம்’னு சொல்ல முடியாது. சொன்னா, நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போலிருக்கு, அப்பாவுக்குக் கோவம்னு நினைச்சுக்கும். அது அப்படித்தான் நினைக்கும். நான் அப்படித்தான் வச்சிருக்கேன். நாலு வாரமா உள்ள விடாம இருந்தாங்கல்ல, அதே மாதிரி இன்னைக்கும் விடாம இருந்துட்டாங்கன்னா... புதன்கிழமையை நான் எப்படியோ பார்த்துக்கறேன். எப்படின்னு தெரியலை. அந்த ஃபாரத்துல எழுதினது பொய்னு சொல்லிக்கறேன்.

நீங்க எனக்குத் தங்கச்சியா இருக்க வேண்டாம். இது ஒன்னு மட்டும் பண்ணுங்க. நீங்க க்யூவுல நிக்கற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். கவுன்ட்டருக்குப் போய்ச் சண்டை போடுங்க. லேடீஸ் இல்லாம ஆம்பளையை விடக் கூடாதுன்னு போர்டு வச்சுட்டு, இந்த ஆளை மட்டும் எப்படி விடுவீங்கன்னு கேளுங்க. எஸ்தரம்மா புரிஞ்சுக்குவாங்க, பாப்பாவோட பயம் அவங்களுக்கு முன்னாடியே தெரியும்.

போங்க மேடம், திரும்பி வருது பாருங்க. அது காதுல விழற மாதிரி, கொஞ்சம் சத்தமாவே கேளுங்க.